கேமலில் சேர்த்ததாலேயே ஈவென்ட்பஸ் அசிங்க் (அனுப்பியவரைக் காக்க வைக்காமல் பின்னணியில் ஓடுவது) ஆகிவிடாது
குவாவா ஈவென்ட்பஸ் என்பது ஒரே ஜாவா நிரலுக்குள் செய்தி பரிமாறும் கூகுள் நூலகக் கருவி. அப்பாச்சி கேமல், செய்திகளை ‘ரூட்’ எனும் பாதைகள் வழியே கடத்தும் ஜாவா கட்டமைப்பு.
“குவாவா ஈவென்ட்பஸ்ஸை கேமல் ரூட்டில் மாட்டினால் எல்லாம் பின்னணியில் ஓடும், மெசேஜ் தொலையாது” என்று சொல்வது தவறு. சாதாரண ஈவென்ட்பஸ்ஸில் செய்தியை போஸ்ட் செய்த த்ரெட்டே (நிரலின் இயக்க இழை) அதைப் பெறும் சந்தாதாரரின் நிரலையும் ஓட்டும். ரூட்டில் டேட்டாபேஸ் அழைப்பு 2 விநாடி இழுத்தால், அனுப்பியவரும் 2 விநாடி காத்திருப்பார்.

அனுப்புவதையும் பெறுவதையும் பிரிக்க வேண்டுமானால் நடுவில் சீடா (கேமலின் மெமரி வரிசை) வையுங்கள், அல்லது சந்தாதாரரை வேறு த்ரெட்டில் ஓட்டக்கூடிய குவாவாவின் அசிங்க்ஈவென்ட்பஸ். கேமல் 3 முதல் சீடா வரிசையின் கொள்ளளவு 1000. நிரம்பினால் எக்ஸெப்ஷன்தான் (பிழை) வரும். பிழைக்குப் பதில் அனுப்புபவரைக் காத்திருக்க வைக்க ‘பிளாக்வென்ஃபுல்’ அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். வரிசையிலிருந்து எடுத்து வேலை செய்யும் கன்சூமர் இயல்பாக ஒன்றே, இதைப் பலரும் கவனிப்பதில்லை.

மெசேஜ் தொலையாதா? சீடாவும் மெமரிதான். ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) விழுந்தால் வரிசையும் போச்சு. ரூட் தொடங்குமுன் போஸ்ட் செய்தவற்றையும் பஸ் சேர்த்து வைக்காது. உத்தரவாதம் வேண்டுமென்றால், செய்தியை வட்டில் சேமித்து வைக்கக்கூடிய ஜேஎம்எஸ் வரிசை அல்லது காஃப்கா.