பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவே இரண்டடி

யாராவது ராட்சத சொகுசுக் கப்பல் படம் போட்டால் போதும், "இதெல்லாம் கப்பலா, மிதக்கிற மால்" என்று ஒரு கமெண்ட் கட்டாயம் வந்துவிடும். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலைக் கடலுக்குக் கொண்டுவந்த கதையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஃபின்லாந்தில் துர்க்கு நகரத்தில் கட்டினார்கள். நீளம் 361 மீட்டர், கொள்ளளவுக் கணக்கில் 2,25,000 டன்னுக்கு மேல் (டைட்டானிக் வெறும் 46,000 சொச்சம்). சரி, கட்டியாயிற்று, பால்டிக் கடலை விட்டு வெளியே வரவேண்டுமே? வழியில் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலம் நிற்கிறது. அதன் அடியில் இருப்பது 65 மீட்டர், கப்பலோ தண்ணீருக்கு மேல் 72 மீட்டர்.

இது தெரிந்தேதான் புகைபோக்கிகளை மடக்குக் குடை மாதிரி உள்ளே இறக்கிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். அப்படியும் இடைவெளி கொஞ்சம்தான். நானாக இருந்தால் நத்தை மாதிரி ஊர்ந்திருப்பேன். அவர்கள் செய்தது நேர் எதிர், வேகத்தைக் கூட்டினார்கள். ஆழம் குறைந்த இடத்தில் பெரிய கப்பல் வேகமாகப் போனால் அடியில் தண்ணீர் விரைந்து ஓடும், அங்கே அழுத்தம் குறையும், கப்பல் தானாகக் கொஞ்சம் கீழே அமுங்கும். 2009 அக்டோபர் கடைசி இரவில் சுமார் இரண்டடி இடைவெளியில் பாலத்தைத் தாண்டியது. மால் இதைச் செய்யுமா?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நடுவில் 12,000 செடிகளோடு ஒரு பூங்காவே வைத்திருக்கிறார்கள், நல்லது. கம்பெனி அலுவலகம் மயாமியில், கொடி மட்டும் பஹாமாஸ் கொடி. இந்தத் தொழிலில் பெரும்பாலும் இப்படித்தான். கொடி எந்த நாடோ, கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டமும் அந்த நாடு. சர்வதேச விதியே நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்கிறது. எட்டு மணி நேர வேலைக்கே சலித்துக்கொள்கிற நாம் அதை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

என் சித்தி மகன் தூத்துக்குடிக்காரன், வேறொரு கம்பெனியின் கப்பலில் எட்டு மாதம் லாண்டரியில் இருந்தான். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை, விடிய விடிய டவல் மடிக்கிற வேலை. ஊருக்கு வந்தவனிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கடலாண்ணே? கரையில இறங்கி வைஃபை தேடுறப்ப ரெண்டு மூணு தடவ பாத்தேன்."