தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தீர்வு அல்ல

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பழைய டீசல் வண்டியில் இஞ்சினும் சூடாகாது, ஆட்டோ கியரும் சூடாகாது" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணே. தெர்மோஸ்டாட் என்பது இஞ்சின் தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு. பல டீசல் இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே இஞ்சினுக்குத் திரும்பும். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் சூடு கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று சந்தேகமிருந்தால் அதைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்து வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டரின் முகத்தைத்தான். ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் அதற்கும் நடுவே செம்மண்ணும் நாரும் அடைந்திருக்கும். அப்புறம் ஃபேன் கிளட்ச், அதாவது சூடு ஏறும்போது ரேடியேட்டர் விசிறியை வேகமாகச் சுற்றவைக்கும் பாகம்.

கியருக்கு வருகிறேன். பெரும்பாலான ஆட்டோ வண்டிகளில் கியர் எண்ணெயும் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலரில்தான் குளிர்கிறது. அதனால் ஒன்றின் சூடு மற்றதைப் பிடிக்கும். இஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கினால் இஞ்சின் சூட்டு முள்ளும் ஏறலாம். கியர் எண்ணெய் பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். உள்ளே கசிந்து தண்ணீர் கலந்திருக்கிறது.