2020-க்கு முன்னாடியே இருந்த சிலைகள்

மேல ஒருத்தர் "அமெரிக்கால ரயில்வே ஸ்டேஷன்ல கறுப்பினத் தலைவர்களுக்குச் சிலை, படம் வைக்கிறதெல்லாம் 2020-ல (போலீஸ் கையால செத்த கறுப்பினத்தவர்) ஜார்ஜ் ஃப்ளாய்ட் சாவுக்கு அப்புறம் வந்த ஃபேஷன்"னு போட்டிருக்கார், அதுக்கு லைக் வேற குவியுது. தப்புங்க.

பாஸ்டன் பேக் பே ஸ்டேஷன்ல கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃபுக்கு வெண்கலச் சிலை வச்சது 1988-ல, செஞ்சது டீனா ஆலன். அவரை ஏன் ரயில்வே ஸ்டேஷன்ல வைக்கணும்னு கேட்டா, புல்மன் கம்பெனியோட ஸ்லீப்பர் கோச்சுல (ராத்திரி தூங்கிட்டுப் போற ரயில் பெட்டி) படுக்கை விரிச்சு பெட்டி தூக்குன கறுப்பின போர்ட்டர்களுக்கு 1925-ல சங்கம் கட்டுனவரே அவர்தான், கம்பெனி இழுத்தடிச்சு இழுத்தடிச்சு 1937-லதான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு. (அவர் போர்ட்டர் வேலை பார்த்ததே இல்ல, அதனாலதான் கம்பெனியால அவரை வேலைய விட்டுத் தூக்க முடியல!) கறுப்பினத்தவரோட உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணிக்கும் முன்னணில நின்னவர். வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷன்லயும் அவருக்குச் சிலை இருக்கு.

அடுத்து நியூயார்க் சப்வேல (சுரங்க ரயில்), கறுப்பினத்தவர் நிறைய வாழ்ந்த ஹார்லெம் பகுதியோட 125-வது தெரு ஸ்டேஷன், 2, 3 லைன். அங்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டோட மொசைக் (சின்னச் சின்னத் துண்டு பதிச்சு செஞ்ச படம்) 1996-லயே வந்துடுச்சு, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் எல்லாரும் ஹார்லெம் மேல பறக்குற மாதிரி. ரிங்கோல்டும் ஹார்லெம்லயே பொறந்தவங்கதான்.

2020-க்கு அப்புறம் நிறைய சுவரோவியம் வந்தது நெஜம், அத யாரும் மறுக்கல. ஆனா "அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல"ன்னு எழுதுனா எப்படி, பதிவ எடிட் பண்ணிடுங்க.