கார்டு பாஸையும் ஸ்வீப்பையும் பிரித்துச் சொல்லித்தருவது தப்பு

தரையில் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும் கலையான ஜியு-ஜிட்சுவில், கீழே இருப்பவர் தன் கால்களால் மேலே இருப்பவரைத் தடுத்து வைப்பது கார்டு; மேலே இருப்பவர் அந்தக் கால்களைத் தாண்டிப் போவது பாஸ்; கீழே இருப்பவர் அவரைக் கவிழ்த்து மேலே வருவது ஸ்வீப். வகுப்புகளில் ஒரு வாரம் கார்டு பாஸ், அடுத்த வாரம் ஸ்வீப் என்று பாடத்தை வெட்டிப் பிரிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் மாதக்கணக்கில் தடுமாற இதுதான் பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மேலே இருப்பவர் எங்கே கோட்டை விடுகிறாரோ, அங்கேதான் கீழே இருப்பவருக்கு ஸ்வீப் கிடைக்கிறது. கீழே இருப்பவர் பிடியைத் தளர்த்தும் கணத்தில்தான் மேலே இருப்பவருக்கு பாஸ் திறக்கிறது. ஒன்றைத் தெரியாமல் மற்றொன்று புரியாது.

முதலில் ஸ்வீப்பைப் பார்ப்போம். உங்கள் கார்டுக்குள் மண்டியிட்டிருப்பவருக்கு ஊன்றிக்கொள்ள நான்கு இடங்கள்: இரண்டு கை, இரண்டு முழங்கால் முட்டி. ஒரே பக்கத்துக் கையையும் முட்டியையும் முடக்கிவிட்டு, அவர் எடையை அந்தப் பக்கமே வரவழைத்தால் விழுந்தே ஆகவேண்டும். கையை முடக்க எல்லோருக்கும் தெரியும், முட்டியையும் அடிக்கிறார்கள். எடையை வரவழைப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சிசர் ஸ்வீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குளோஸ்டு கார்டில் (கால்களை அவர் இடுப்பைச் சுற்றிப் பூட்டியிருக்கும் நிலை) உங்கள் இடது கை அவருடைய வலது ஸ்லீவில், அதாவது சட்டைக் கையில், வலது கை அவர் காலருக்குள் ஆழமாக. கால்களைத் திறந்து, இடுப்பை வலப்பக்கம் நகர்த்தி, இடது இடுப்பின் மேல் சாய்ந்து படுக்கவேண்டும். வலது ஷின் (முட்டிக்குக் கீழே உள்ள முன்னங்கால்) அவர் வயிற்றுக்குக் குறுக்கே, பாதம் அவர் இடது இடுப்பில் கொக்கிபோல். இடது கால் தரையோடு ஒட்டி, அவர் வலது முட்டிக்கு வெளியே. இப்போது உதைக்கக்கூடாது. காலரையும் ஸ்லீவையும் உங்கள் தலைப்பக்கம் இழுங்கள். அவர் பாரம் அவர் முட்டிகளை விட்டு உங்கள் ஷின்மேல் ஏறுவதை உணர்ந்த பிறகே கத்தரி வெட்டவேண்டும்: மேல்கால் இடப்பக்கம், கீழ்க்கால் வலப்பக்கம்.

இது நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். மல்லாந்து படுத்தபடியே செய்தால் ஷின்னுக்குச் சக்தி வராது. கடைசி நொடியில் ஸ்லீவை விட்டால் அந்தக் கையை ஊன்றித் தப்பிவிடுவார். அவர் குதிகால்மேல் உட்கார்ந்து எடையைப் பின்னால் வைத்திருக்கும்போது முயன்றால் எவ்வளவு இழுத்தாலும் வராது. அப்படிப் பின்னால் சாய்பவருக்கு, இடுப்பால் இடித்துக் கவிழ்க்கும் ஹிப் பம்ப்தான் மருந்து. இடது கையைப் பின்னால் ஊன்றி எழுந்து உட்கார்ந்து, வலது கையை அவர் வலது தோளுக்கு மேலாகப் போட்டு மேல்கையை அணைத்து, இடுப்பால் அவரை இடப்பக்கம் தள்ளுங்கள். அவர் கையை ஊன்றித் தடுத்தால் கிமுரா (தோளை முறுக்கும் கைப்பூட்டு); உங்களைத் திரும்பத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தால் கழுத்து கில்லட்டினுக்கு (கையால் கழுத்தை நெரிக்கும் பிடி) வரும். அவர் முன்னால் வந்தால் சிசர், பின்னால் போனால் ஹிப் பம்ப். இந்த இரண்டை ஒழுங்காகக் கற்றாலே முதல் ஆறு மாதத்துக்குப் போதும்.

(பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நின்றபடி எதிராளியின் கால்களுக்குக் குறுக்கே பாய்ந்து கத்தரிபோல் வீழ்த்தும் கானி பசாமி வேறு. முட்டியைக் கிழித்துவிடக்கூடியது, ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளில் தடை. சிசர் என்ற பெயரைக் கேட்டு யாரும் அதைப் பழகவேண்டாம்.)

உட்கார்ந்து, பாதங்களை அவர் தொடைகளுக்கு உள்ளே கொக்கியாக வைக்கும் பட்டர்ஃபிளை கார்டிலும் இதே கணக்குதான். இடது கையில் அண்டர்ஹூக் (அவர் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்துப் பிடிப்பது), இடது பாதம் அவர் வலது தொடைக்கு அடியில், வலது கையால் அவர் இடது கையை இறுக்கிவிட்டு வலது தோள்மேல் பக்கவாட்டில் விழவேண்டும். நேராகப் பின்னால் விழுந்தால் ஸ்வீப் இல்லை, அவரை நீங்களே உங்கள்மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்.

இப்போது மேலே வாருங்கள். கீழே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டதால், எதைக் கொடுக்கக்கூடாது என்பதும் தெரிகிறது. குளோஸ்டு கார்டுக்குள் தரை விரிப்பில் கை ஊன்றினால் கிமுராவும் ஹிப் பம்ப்பும் வரும். ஒரு கை மட்டும் கால்களுக்கு உள்ளே, மற்றது வெளியே என்றால் ட்ரையாங்கிள் (கால்களால் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கும் பிடி) காத்திருக்கிறது. எழுந்து நின்று திறப்பதுதான் என் பார்வையில் நம்பகமான வழி. அதிலும், எந்தப் பக்க ஸ்லீவைப் பிடித்து முடக்கியிருக்கிறீர்களோ அந்தப் பக்கக் காலைத்தான் முதலில் தூக்கி வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் அவருடைய விடுபட்ட கை உங்கள் காலை அணைத்துக்கொள்ளும். நின்ற பிறகு இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருந்தால், அவர் கால்களைத் திறந்து இரண்டு குதிகாலையும் பிடித்து முட்டியால் உங்கள் இடுப்பைத் தள்ளுவார். நீங்கள் பின்னால் உட்காருவீர்கள். ஒரு பாதம் முன்னே, ஒன்று பின்னே.

திறந்தபின் ‘நீ கட்’ (knee cut), அதாவது முட்டியால் அவர் தொடையை வெட்டிக் கடக்கும் பாஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் செய்கிறார்கள், பெரும்பாலோர் முட்டியை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் வலது முட்டி அவர் வலது தொடையைக் குறுக்காக அழுத்தி, அவர் வலது இடுப்புக்குப் பக்கத்தில் தரைக்கு வருகிறது. ஆனால் பாஸ் நடப்பது மேலே. உங்கள் வலது கை அவர் இடது அக்குளுக்கு அடியில் போகவேண்டும். இடது கை அவர் வலது ஸ்லீவை உங்களை நோக்கித் தூக்கியே வைத்திருக்கவேண்டும். அவர் முதுகு தட்டையாகத் தரையில் படிந்த பிறகு முட்டி தானாக வழுக்கிப் போகும்.

அந்த அண்டர்ஹூக்கை அவர் முந்திக்கொண்டால் நிலைமை தலைகீழ். பக்கவாட்டில் திரும்பி, உங்கள் வலது அக்குளுக்கு அடியில் புகுந்து முதுகுக்குப் போய்விடுவார், இல்லையென்றால் முட்டிபோட்டு எழுந்து உங்களைக் கவிழ்ப்பார். அந்த நேரத்தில் முட்டியை இன்னும் வேகமாகத் தள்ளுவது வீண். வலது கையை அவர் கைக்கு மேலாகச் சுற்றி இறுக்கி (இதுதான் ஓவர்ஹூக்), பாரத்தை அந்தத் தோளில் இறக்கி, அவரை மறுபடி தட்டையாக்குங்கள். அவர் இடது முட்டி உங்கள் நெஞ்சுக்குக் குறுக்கே வந்திருந்தால் அதை முதலில் கீழே அழுத்தவேண்டும். பாதம் மட்டும் மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள், முட்டிக்கு ஆபத்து. முதலில் அவர் தோள்களை அடக்கிவிட்டு, விடுபட்ட காலால் அவர் காலைத் தள்ளி உருவுங்கள்.

கால்களைக் கையால் ஒதுக்கிவிட்டுச் சுற்றிப் போகும் பாஸான டொரியாண்டோவில் ஒரே ஒரு விஷயம்: கால்களைப் பக்கவாட்டில் தள்ளிய கையை, உங்கள் தோளோ முட்டியோ அவர் உடம்பில் படும்வரை எடுக்கக்கூடாது. கால்களை வீசிவிட்டு ஓடினால் அவர் இடுப்பைத் திருப்பி மறுபடி உங்கள் எதிரே இருப்பார்.

ஐபிஜேஜேஎஃப் விதிப்படி ஸ்வீப்புக்கு 2 புள்ளி, கார்டு பாஸுக்கு 3. எதுவானாலும் அந்த நிலையை 3 விநாடி பிடித்து வைத்தால்தான் கணக்கு. இந்த 3 விநாடியைப் பயிற்சியில் யாரும் மதிப்பதில்லை. கவிழ்த்ததும் சிரித்துக் கைகொடுத்து அடுத்த முறைக்குப் போய்விடுகிறார்கள். கவிழ்த்தவர் பல நேரங்களில் உடனே எதிராளியின் கார்டுக்குள் மேலே இருப்பவராக மாறிவிடுகிறார், ஸ்லீவ் பிடி அவர் கையிலேயே இருக்கிறது. அதை விடாமல் பாஸுக்குப் போவதுதான் அடுத்த வேலை.

அதனால் எதிர்ப்பே காட்டாத பார்ட்னர்மேல் 50 முறை செய்வதை விட, அசைவின் வரிசை மனதில் பதிய ஒரு 10 முறை செய்துவிட்டு நிலைப் பயிற்சிக்குப் போங்கள். 3 நிமிடச் சுற்று, தொடக்கம் எப்போதும் ஹாஃப் கார்டு (மேலே இருப்பவரின் ஒரு காலை மட்டும் கால்களால் பிடித்திருப்பது) அல்லது குளோஸ்டு கார்டு. மேலே இருப்பவருக்கு பாஸ் மட்டும் இலக்கு, கீழே இருப்பவருக்கு ஸ்வீப் மட்டும். பாஸோ ஸ்வீப்போ 3 விநாடி நின்றால் அதே இடத்திலிருந்து மறுபடி தொடக்கம். முதல் சுற்றில் பாதி பலம், அடுத்த சுற்றில் முக்கால், மூன்றாவதில் முழு எதிர்ப்பு. சுற்று முடிந்ததும் இடம் மாற்றுங்கள், பார்ட்னரை மாற்றவேண்டாம்: உங்களைக் கவிழ்த்தவரிடமே எந்தக் கை, எந்த முட்டி அவருக்கு இலவசமாகக் கிடைத்தது என்று கேளுங்கள். அடுத்த சுற்றில் அவர்மேல் அதையே தேடுங்கள்.