மூன்றாவது அறிவியல் பாடம்

மகள் ஐபி டிப்ளமோ (International Baccalaureate, +2க்குப் பதிலாகப் படிக்கும் இரண்டு வருட சர்வதேசப் படிப்பு) முடித்ததிலிருந்து நண்பர்கள் பலர் ஃபோன் செய்து, "என் பிள்ளையைச் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், பிள்ளைக்கு டாக்டர் ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். ஐபியில் ஆறு பாடங்கள். இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணிதம், ஆறாவதாக ஒரு கலைப் பாடம். கலைக்குப் பதிலாக இன்னொரு அறிவியல் எடுக்கலாம். ஆக இரண்டு அறிவியல்தான். நீட் வழியாக மருத்துவம் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றாவதுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஐபி தேர்வுகளும் நீட்டும் மே மாதத்திலேயே முட்டிக்கொள்ளும். ஐபி முடிவு வருவது ஜூலையில்.

இதை எங்களுக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. "பின்னால் எது வேண்டுமானாலும் படிக்கலாம் சார்" என்றார்கள். கட்டணத்தைக் கட்டிய பிறகு மகளே விதிமுறைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்து எனக்கு விளக்கினாள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. வருடத்துக்குப் பல லட்சம் வாங்குகிறவர்கள் பதினாறு வயதுப் பிள்ளையிடம் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தாள். அப்புறம் வந்து, "அப்பா, எனக்கு லேப்தான் பிடிச்சிருக்கு, டாக்டர் வேலை இல்ல" என்றாள். வேதியியல், உயிரியல், ஆங்கிலம் மூன்றையும் உயர்நிலையில் (Higher Level, அதாவது கூடுதல் ஆழத்தில்) எடுத்தாள். உயர்நிலைப் பாடம் ஒன்றுக்கு 240 மணி நேர வகுப்பு, சாதாரண நிலைக்கு 150. இதுபோக அறிவைப் பற்றியே யோசிக்கச் சொல்லும் ஒரு பாடம், சமூக சேவை, விளையாட்டு, 4,000 வார்த்தைக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை.

அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நெல்லிக்காயைக் காயவைத்தால், பாகில் போட்டால் வைட்டமின் சி எவ்வளவு மிஞ்சும் என்பது அவள் கேள்வி. கோயம்பேட்டில் கிலோ கணக்கில் வாங்கி வந்தோம். அயோடின் விட்டு அளந்தாள். மூன்று முறையும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வழிகாட்டும் ஆசிரியர் மொத்தமே மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்தான் உதவலாம். அவரும் விடை சொல்ல மாட்டார், கேள்விதான் கேட்பார். இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, +2விலேயே சேர்த்திருக்கலாமோ என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து அவளே கண்டுபிடித்தாள். அயோடினோடு சேர்ந்து நிறம் மாறிக் காட்ட வேண்டிய ஸ்டார்ச் கரைசல் பழசாகிப்போயிருந்தது. புதிதாகக் கலக்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அந்த நாலு நாளை எந்த டியூஷனாலும் கொடுத்திருக்க முடியாது என்று நம்புகிறேன்.

இப்படிக் குடைந்து பார்ப்பதில் ஆசை இல்லாத பிள்ளைக்கு இதே இரண்டு வருடம் வதைதான். பக்கத்து வீட்டுப் பையன் வெளிநாடு போனான் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். நம் +2 எந்த விதத்திலும் மட்டமில்லை. நீட் எழுதும் பிள்ளைக்கு அதுதான் நேர்வழி. ஐபியில் மொத்தம் 45 மதிப்பெண், 24 எடுத்தால்தான் டிப்ளமோ. அதற்கும் வேறு நிபந்தனைகள் உண்டு.

போன வாரம் ஒரு நண்பர் கட்டணம், ஸ்காலர்ஷிப், எந்த நாட்டுக்குப் போகலாம் என்று வரிசையாகக் கேட்டார். பையனிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "அங்கிள், அந்த 4,000 வார்த்தைக் கட்டுரையை எங்க ஊர் ஏரித் தண்ணியைப் பத்தி எழுதலாமா?" என்றான். மகளைக் கூப்பிட்டு ஃபோனை அவளிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.