முதல் பூசையை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். நடந்ததை மறுபடி விவரிக்கப்போவதில்லை. "இது கோவில், பஞ்சாயத்து மன்றம் அல்ல" என்று ஒலிபெருக்கியில் சொல்லி, ஞாயிறு முதல் பூசை இனி இல்லை என்ற அறிவிப்பைக் கேட்டு எழுந்து கேள்வி கேட்ட ஒரு மூதாட்டியை உட்காரவைத்தாரே எங்கள் கத்தோலிக்கக் கோவிலைப் பொறுப்பேற்ற புதிய பங்குத்தந்தை, அதைத் 'தலைமைப் பண்பு' என்று புகழ்ந்து எழுதியவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சிலர் கைதட்டியதும் அதில் கேட்கிறது. எனக்குச் செரிக்காதது அந்தக் கைதட்டல்தான்.

அந்த அம்மா என்ன கேட்டுவிட்டார்? ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி முதல் பூசையை நிறுத்திவிட்டால் நாங்கள் எப்போது வருவது சாமி என்று கேட்டார். மீன் விற்கப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இரவுக் காவல் முடிந்து நேராக வருகிறவர்கள், இவர்களுடைய பூசை அது. எட்டு மணிக்கு வாருங்கள் என்கிறீர்கள். எட்டு மணிக்கு அவர்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிற வீடுகளில், எட்டு மணிப் பூசைக்குப் புறப்படுகிறவர்களின் வீடுகளும் உண்டு.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு மாற்றுங்கள் என்கிறேன். பூசையில் நற்கருணை கொடுத்து முடித்த பிறகு அறிவிப்பு வாசிப்பது கேட்பது ஆகாது.

இதைவிடப் பெரிய மாற்றத்தையெல்லாம் நம் சனங்கள் பார்த்துவிட்டார்கள். 1963 டிசம்பரில், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளில் இலத்தீன் பூசை தமிழுக்கு வந்தது. பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பினார். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 'உம் ஆன்மாவோடும்' என்ற பதிலை இலத்தீனில் 'எத் கும் ஸ்பிரித்து துவோ' என்று சாகும்வரை பிசகாமல் சொல்வார். அவரிடமிருந்து அந்த இலத்தீனை எடுப்பது லேசான காரியமா? அப்போதிருந்த பங்குச் சாமியார், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து தமிழ்ப் பதிலுரைகளைச் சொல்லிக்கொடுத்தாராம். "கடவுளுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்ட கிழவர்களோடு சிரித்துப் பேசினாராம். யாரையும் உட்காரச் சொன்னதாகப் பாட்டி சொல்லவில்லை. ரோமாபுரியே முடிவெடுத்துவிட்ட ஒரு காரியத்துக்கே அவ்வளவு நடந்திருக்கிறார் ஒரு மனிதர். இங்கே வெறும் பூசை நேரக் கணக்கு.

இப்போது சட்டப் பண்டிதர்கள் வருவார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 536ஆம் எண்: பங்கு மக்களின் பிரதிநிதிகள் அடங்கிய பங்குப்பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லலாம், முடிவு பங்குத்தந்தையுடையது. தெரியும் ஐயா. அந்த ஆலோசனையையாவது கேட்டாரா என்பதுதான் என் கேள்வி. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேரவை இன்னும் ஒருமுறைகூடக் கூடவில்லை. 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் பங்குப்பேரவை போன்ற இந்த அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறது. அந்த மாமன்றத்துக்காக நம் அன்பியங்களிலும், அதாவது தெருவாரியான செபக் குழுக்களிலும், கேள்வித்தாள் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தோம்.

"குருக்கள் பற்றாக்குறை, பாவம் அவர் எத்தனை பூசைதான் வைப்பார்?" இது நியாயமான கேள்வி. தேவையிருந்தால் ஆயரின் அனுமதியோடு ஞாயிறன்று மூன்று பூசை வரை ஒரு குருவானவர் வைக்கலாம், அதற்கு மேல் சட்டம் இடம் தருவதில்லை. அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கிளைப் பங்குகளும் இருக்கின்றன. சரி. இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவரே "சாமி, நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றிருப்பார். உதவிப் பங்குத்தந்தை ஒருவர் இருக்கிறாரே என்று நான் வேண்டுமானால் கேட்டிருப்பேன். அந்த அம்மா கேட்டிருக்கமாட்டார்.

"வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவராதே." காணொளி எடுத்துப் பரப்பியது நானா? "ஆயரிடம் மனு கொடு." கொடுத்த மனு சுற்றிச் சுற்றி எந்த மேசைக்கு வந்து சேரும் என்று கேட்கிறவருக்கும் தெரியும். "நீ ஒழுங்காகக் கோவிலுக்கு வருகிறாயா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்லமாட்டேன். என் தாயின் அடக்கப் பூசையில் கடைசிவரை நின்றவர்கள் அந்த ஐந்தரை மணிக்காரர்கள். கார் வைத்திருந்தவர்கள் மண் போடுவதற்குள் போய்விட்டார்கள்.

திருவழிபாடு, சட்டம் எல்லாம் கிடக்கட்டும். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் என்ன நடக்கிறது? பந்தியில் எங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. பன்னிரு திருத்தூதர்களும் சீடர்களை எல்லாம் கூட்டி, உங்களில் ஏழு பேரை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். பேதுருவுக்கு இல்லாத அதிகாரமா நம் பங்குத்தந்தைக்கு? அந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபைச் சாசனத்திலும் 'இறைமக்கள்' என்ற இரண்டாம் அதிகாரம் முடிந்த பிறகுதான் ஆயர், குரு என்ற படிநிலை மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. குருமடத்தில் இதைப் படிக்காமலா பட்டம் பெற்றார்?

நாமும் இறைமக்களாக இருக்கிற காலம் ஒன்று உண்டு. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய மாதம். தலைக்கட்டு வரி வாங்கும்போது 'நம் கோவில்', தேர் இழுக்கும்போது 'நம் கோவில்'. கூரை போட்டபோது சித்தாள் கூலியில் பாதியைக் கொடுத்த பெண்களின் பெயர் கல்வெட்டில் இல்லை. பேரவையிலும் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த அம்மா எழுந்து கேட்டதில் பலருக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் பூசை நேரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யார் எழுந்தது என்பதுதான்.

இந்த வருட வரிக்கு அடுத்த வாரம் ஆள் வருமாம். இரசீதுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஐந்தரை மணிப் பூசை உண்டா இல்லையா என்று கேட்கப்போவதாக எங்கள் தெருப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் தூண்டிவிடவில்லை. தடுக்கவும் போவதில்லை.