ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது?

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். கல்லூரி முடித்த கையோடு வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் படிவம் நிரப்பி வாங்குவதும் என் வேலைதான். பாதிப் பேர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம் என்று கடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். மீதிப் பேர் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர். பி.காம், டிப்ளமோ, பி.இ. எல்லாம் உண்டு. எந்தப் படிப்பு படித்திருந்தாலும் தடுமாறும் இடம் ஒன்றுதான். வங்கிக் கணக்கோடு இணைந்த மொபைல் எண் என்ன என்றால், "அது அப்பா நம்பர்க்கா." பாஸ்புக்? "அதுவும் அப்பாகிட்டதான்." ஏடிஎம் கார்டு? சிரிப்பார்கள்.

பணத்தைக் கையாளுவது எப்படி என்று யூடியூபில் பேசுகிறவர்கள் சொல்வது எனக்கு ஒட்டுவதே இல்லை. டீயைக் குறை, வெளிச்சாப்பாட்டைக் குறை, சம்பளத்தில் இருபது சதவீதம் எடுத்துவை என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் கணக்கில் ஒரு சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள்தான். நம் பக்கம் ஒரு வீட்டில் முதல் பட்டதாரிக்கு வேலை கிடைத்தால், அந்தச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் செலவுகள் வரிசை கட்டி நிற்கும். தங்கையின் கல்லூரிக் கட்டணம், கூட்டுறவு வங்கியில் கிடக்கும் நகை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு மொய். இதில் எதையும் தப்பென்று சொல்லமாட்டேன். வீடு சேர்ந்து படிக்க வைத்தது, வீட்டுக்குத் திரும்பிக் கொடுப்பதில் என்ன தப்பு? ஆனால் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை நாளைக்கு என்று உட்கார்ந்து பேசிய வீடு மிகக் குறைவு. என் கட்சி இதுதான்: கணக்கும் கார்டும் பிள்ளையிடம் இருக்கவேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி முடிக்கவேண்டும். இரண்டும் சேர்ந்துதான். ஒன்றை விட்டால் மற்றது உதவாது.

இது வேலைக்குச் சேர்ந்த பிறகு தொடங்கவேண்டிய விஷயமும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். பணம் அப்பா அம்மா கணக்குக்குப் போகாமல் மாணவரின் கணக்குக்கே நேராகப் போவதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஆனால் நடைமுறையில் கணக்கு பிள்ளை பெயரில், கார்டு பீரோவில். மாதம் பிறந்தால் அப்பா போய் எடுத்து வருவார். ஏன் என்று கேட்டால், "கையில குடுத்தா செலவு பண்ணிடும்." பண்ணட்டுமே! பதினெட்டு வயதில் ஆயிரம் ரூபாயைப் பத்து நாளில் முடித்துவிட்டு மீதி இருபது நாள் பஸ் காசுக்குத் தவித்தால் போவது அந்த ஆயிரம்தான். அந்தத் தவிப்பைப் பார்க்காத பிள்ளை கையில் இருபத்திரண்டு வயதில் முழுச் சம்பளமும் வந்து விழும்போது தவறினால், அதற்கு விலை அதிகம்.

அங்கிருந்துதான் நான் பார்க்கும் இரண்டு வகை வருகிறது. ஒருவர் சம்பளத்தை அப்படியே அப்பாவிடம் விட்டுவிட்டு, டிபனுக்கும் டிக்கெட்டுக்கும் தினமும் கை நீட்டுவார். இன்னொருவர் இரண்டாவது மாதமே போனையும் பைக்கையும் தவணையில் எடுத்துவிட்டு, இருபதாம் தேதிக்கு மேல் அட்வான்ஸ் கிடைக்குமா என்று என் மேஜைக்கு வருவார். (பெட்ரோல் எல்லைக்கு இந்தப் பக்கம் மலிவு என்பதால் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பைக் வாங்கியவர்கள் உண்டு. மலிவான வேறு சிலவும் இந்தப் பக்கம் உண்டு. அந்தக் கணக்கை நான் கேட்பதில்லை.)

வீட்டில் சண்டை வருவது முதல் மாதச் சம்பளச் சீட்டில். ஆஃபர் லெட்டரில் சிடிசி என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். ஒரு ஆளுக்காகக் கம்பெனி மொத்தமாகச் செலவழிப்பது அது, கைக்கு வருவது இல்லை. ஒரு கணக்கு பார்ப்போம். மொத்தச் சம்பளம் மாதம் 18,000, அதில் பேசிக் என்ற அடிப்படைச் சம்பளமும் டிஏ என்ற அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு அந்தப் பன்னிரண்டாயிரத்தில் 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடிப்போம். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். வேறு பிடித்தம் எதுவும் இல்லையென்றால் கைக்கு வருவது 16,425. கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 3.25 சதவீதம் என்ற வகையில் 585, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஒதுக்கும் 577, இதையெல்லாம் அந்தப் பதினெட்டாயிரத்தோடு கூட்டித்தான் ஆஃபர் லெட்டரில் 20,602 வருகிறது. பையன் வீட்டில் "இருபதுக்கு மேல" என்று சொல்லி, அது தெருவுக்கும் போயாச்சு. கணக்கில் ஏறுவதோ 16,425. மீதி நாலாயிரம் எங்கே? கார்டு அப்பாவிடம் இருப்பதால் பையன் எடுத்திருக்க முடியாது. ஆகவே கம்பெனி ஏமாற்றுகிறது என்று முடிவாகும். ஒரு அப்பா நேரிலேயே வந்துவிட்டார். சீட்டை விரித்து வைத்து வரி வரியாகச் சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார், நல்ல மனிதர். பக்கத்தில் நின்ற மகன் அன்றைக்குத்தான் தன் சம்பளச் சீட்டை முழுசாகப் படித்தான்.

பிடிக்கிற பணம் போய்விடுவதும் இல்லை. பிஎஃப்புக்கு 2024-25 ஆண்டுக்கான வட்டி 8.25 சதவீதம். ஆனால் எட்டு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் முதலில் கேட்பதே "பிஎஃப் எப்பக்கா எடுக்கலாம்?" என்பதுதான். அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னால் முகம் வாடும். மாற்றுவதற்கும் ஒரு தடை இருக்கிறது, அது நம் ஊர் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க்‌ஷீட்டில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். மூன்றும் ஒத்துப்போகாமல் விவரச் சரிபார்ப்பு நின்றுவிடும். கல்லூரிக் கடைசி வருடத்திலேயே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. ஓடிபி கூத்து தனி. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவனுக்கு ஓடிபி போனது அப்பா போனுக்கு. அப்பா கடலுக்குப் போயிருந்தார். படகு கரைக்கு வரும்வரை ஓடிபி காத்திருக்குமா?

இஎஸ்ஐ பற்றி ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் அது உண்டு. அந்த 135 ரூபாயில் வருமானம் இல்லாமல் பிள்ளையைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். கோரிமேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மாவின் மாத்திரைக்கு மாதாமாதம் கடையில் கொடுப்பவர்கள் பலர் அம்மா பெயரைப் படிவத்தில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

கல்விக்கடனில்தான் வீடும் பிள்ளையும் சேர்ந்து மாட்டுவது. பெற்றோரும் அதில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர்கள். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அப்பாவுக்கும் சேர்ந்து இறங்கும். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் கட்டவேண்டாம் என்பதை, அதுவரை வட்டி இல்லை என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 75,000 வீதம் நாலு வருடம் வாங்கினால் மூன்று லட்சம். பத்து சதவீதத் தனிவட்டி என்றே வையுங்கள். முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நாலு, மூன்று, இரண்டு. கட்டத் தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,05,000 ஏறி நிற்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்கும் தொழிற்படிப்பு மாணவர்களுக்கு இந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வங்கியில் கேட்டு வருமானச் சான்றிதழைக் கொடுத்துவைக்கவேண்டும். அதில் வரவில்லை என்றால் மாதம் ஐந்நூறோ ஆயிரமோ வட்டிக்கு மட்டுமாவது கட்டிக்கொண்டு வரலாம். வீட்டுக்குத் தரும் தொகையைப் பேசும்போது இந்தக் கடனையும் அந்தப் பேச்சிலேயே வைத்துப் பேசுங்கள். அதுவும் வீட்டுக் கடன்தான்.

சரி, எவ்வளவு கொடுப்பது? சதவீதம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த 16,425-ஐயே எடுத்துக்கொள்வோம். பஸ், டிபன், போன், கடன் வட்டி எல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஏழாயிரம் என்று பேசினால் ஏழாயிரம். சம்பளம் ஏறின அன்றே அது அம்மா கணக்குக்குப் போய்விடவேண்டும். கேட்டுக் கொடுத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். காதுகுத்து, சீமந்தம், கோயில் வரி எல்லாம் அந்த ஏழாயிரத்துக்குள். தங்கைக்குக் கட்டணம் கட்டும் மாதம் கூடக் கொடுக்கலாம், அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். இதைப் பேசப் பிள்ளைகளுக்குக் கூச்சம். "அப்பாகிட்ட போய் கணக்கு பேசறதா?" என்கிறார்கள். கணக்கு பேசாத வீடுகளில் மூன்றாவது வருடம் பேச்சே நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன்.

சென்னைக்குப் போனால் 25,000 வரும், இங்கே பதினாறுதானே என்று கேட்பார்கள். அறை வாடகைப் பங்கு, மெஸ், வாரக் கடைசியில் ஊருக்கு வந்துபோகும் பஸ் எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது அநேகமாகச் சமம். தொழில் கற்றுக்கொள்ளப் போவதென்றால் தாராளமாகப் போகட்டும், வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே இருக்கவும் போகட்டும். பணத்துக்காக மட்டும் என்றால் கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவனை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை.

அவசரத்துக்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும் என்பதை இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் ஓரத்தையும் மூழ்கடித்தது. நிவாரணம் கடலூர் ரேஷன் கார்டுக்கு 2,000, புதுச்சேரி ரேஷன் கார்டுக்கு 5,000. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை செய்பவர்களுக்குள் அது ஒரு வாரப் பேச்சு. ஆனால் தண்ணீர் புகுந்த பைக்கை ஓடவைக்க இரண்டில் எதுவும் போதவில்லை. அந்த மாதம் பலர் போன் செயலியில் கடன் வாங்கினார்கள், வட்டியைப் பார்க்காமலேயே. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கடன் கொடுப்பவர் ஒரு தாளில் காட்டவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளை யாரும் திறப்பதில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். அத்தை நடத்தும் தீபாவளிச் சீட்டைவிட எனக்கு அதில் நம்பிக்கை. அத்தைமார்கள் மன்னிக்கவும்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கார்டு சங்கதி இன்னும் சிக்கல். பையன் எப்படியாவது ஒருநாள் கார்டை வாங்கிவிடுவான். பெண்ணின் கார்டு கல்யாணம் வரை அப்பாவிடம், அப்புறம் மாப்பிள்ளையிடம். எங்களிடம் சில வருடமாக வேலை செய்யும் ஒரு பெண், தன் சம்பளமெல்லாம் நகையாகச் சேர்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா உண்மையிலேயே நகைதான் வாங்கியிருந்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எத்தனை சவரன் என்பதும், அதில் பாதி தம்பி படிப்புக்காக அடகில் இருக்கிறது என்பதும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. தம்பிக்கு என்று கேட்டிருந்தால் அவளே கொடுத்திருப்பாள்; கேட்கவில்லை என்பதில்தான் அவளுக்குக் கோபம். அடகுச் சீட்டை வாங்கிப் பார்த்தபோது திருப்பவேண்டிய கெடுவுக்குச் சில நாள்தான் மீதி. வட்டியைத் தன் கணக்கிலிருந்து தானே கட்டிப் புதுப்பித்துவிட்டு, சீட்டைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.